பழைய ஆயில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் புகையைப் பாருங்கள்

எட்டு மாதமாக ஓடாமல் கிடந்த பழைய டீசல் ஆயில் இன்ஜின், ஹேண்டில் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போயிருக்கும், ஹெட்டைக் (இன்ஜினின் மேல்மூடியை) கழற்றலாம் என்கிறார் மெக்கானிக், சரி சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

எங்களுக்கு நெல்லிக்குப்பம் பக்கம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. வயலில் நின்ற தண்ணீரை இறைக்க, கொட்டகையில் சும்மா கிடந்த இன்ஜினை இழுத்து வந்தோம். அசையவில்லை. வந்த மெக்கானிக்கும் உங்களுக்குச் சொன்னதையேதான் சொன்னார். பக்கத்து வயல் பெரியப்பா மட்டும், "ஹெட்டு எங்கடா ஓடிடப் போவுது? சைலன்சர்ல புகை வருதா, அதைப் பாரு மொதல்ல" என்றார்.

புகையே வரவில்லை. அப்படியென்றால் டீசல் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த இரண்டில் உங்களுடையது எது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

புகை இல்லையென்றால் முதலில் ஸ்டாப் லீவரைப் பாருங்கள். நிறுத்திய இடத்திலேயே பிசின் பிடித்து இறுகியிருக்கும். அடுத்தது டேங்க் மூடி. எங்கள் மூடியில் காற்றுப் போகும் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது, இன்னும் காதில் கேட்கிறது.

பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் மோர் நுரை மாதிரி டீசல் பொங்கும், அப்புறம் குமிழ் குமிழாய் வரும், கடைசியில் கண்ணாடிபோல் தெளிவாக வழியும். அதுவரை பொறுத்திருந்து மூடுங்கள். டீசல் பம்ப்பிலும் அப்படியே. காற்றை அமுக்கினால் சுருங்கிக்கொடுக்கும், டீசல் சுருங்காது. அதனால்தான் குழாயில் துளிக் காற்று நின்றாலும் பம்ப் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், டீசலை உள்ளே பீய்ச்சும் நாசில் திறக்காது. ஏர் எடுத்த பிறகும் மறுபடி காற்றுப் பிடித்தால் குழாய் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷரை மாற்றுங்கள், சில ரூபாய்தான். பில்டர் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுச்சேரியில் விலை குறைவு என்று கேனில் வாங்கிவந்து மாதக்கணக்கில் வைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கேனின் அடியிலும் தண்ணீர் தேங்கும், அந்த அடி டீசலை ஊற்றவே ஊற்றாதீர்கள்.

இப்போது டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து வைத்து, சுற்றுவதை லேசாக்கும் லீவர்) தூக்கிவிட்டு ஹேண்டில் போடுங்கள். நாசில் 'கிர்ரக், கிர்ரக்' என்று கத்த வேண்டும். பெரியப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கத்துது, லீவரை விடு" என்றார். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

நாசிலைக் கழற்றி வெளியே பீய்ச்சவிட்டுப் பார்க்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசிக்குத்து அளவுதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க நேரலாம். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வெள்ளைப் புகை வந்தும் ஓடவில்லையென்றால்தான் கம்ப்ரஷன் சந்தேகம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 16-ல் 1 பங்காக அமுக்கும்போது 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. டீகம்ப்ரஷன் லீவரை இறக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் முட்டித் திருப்பித் தள்ள வேண்டும். தள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனால் காற்று கசிகிறது. ஏர் பில்டர் பக்கம் 'ஸ்ஸ்' கேட்டால் உறிஞ்சும் வால்வு, சைலன்சர் பக்கம் கேட்டால் புகை வால்வு, கீழே பிரீதரில் (இன்ஜினின் அடிப்பெட்டிக் காற்று வெளியேறும் துளை) கேட்டால் ரிங். மெக்கானிக் ஹெட்டில் கை வைப்பது அதற்குப் பிறகு.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்கள் பக்கமே வையுங்கள், திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். எண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் பில்டரில் காட்டுவதும், பெட்ரோல் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். பழைய பிஸ்டன் தாங்காது.

புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம், நாசில் கத்துகிறதா, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.