ஆண் ஆமை முட்டித் தள்ளுகிறது: உடனே பிரித்துவிடுங்கள்

வணக்கம் தம்பி. தக்கலை வீட்டில் ஒரே அடைப்பில் விட்ட சல்கேட்டா (ஆப்பிரிக்க நில ஆமை) ஜோடியில், ஆண் நாள் முழுக்க முட்டுகிறது, பெண் இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, பின்காலில் காயம் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே பிரித்துவிடுங்கள். போகப்போகப் பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

கம்பிவலை போதாது. பெண் கண்ணில் பட்டால் ஆண் வலையோரமே நடந்து முட்டும். ஹாலோ பிளாக் அடுக்கிப் பார்வையை மறையுங்கள். கீழ்வரிசை மண்ணுக்குள் இறங்கட்டும், இவை நன்றாகத் தோண்டும்.

ஆணின் கழுத்துக்குக் கீழே அடிப்புற ஓடு முன்னால் நீண்டிருக்கும், பாருங்கள். அதைக் கொடுத்து நெம்பித்தான் பெண்ணைப் புரட்டும். மல்லாந்த ஆமை வெயிலில் கிடந்தால் செத்துப்போகும். என் கொல்லையில் ஒன்றை நடு மதியத்தில் நிமிர்த்தினேன். வாயோரம் நுரை கட்டியிருந்தது. இன்னும் அது கண்ணுக்குள் நிற்கிறது.

காயத்தை உப்புநீரில் கழுவி, தண்ணீர் கலந்த பீட்டாடின் போடுங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத்தில் புண் ஆறாது, ஈ மொய்த்துப் புழு வைக்கும். காய்ந்த மேட்டில் வையுங்கள். நாளைக்கும் தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், முட்டை தங்கியிருக்கலாம்.

அப்புறம், இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். ஆமை துணைக்கு ஏங்காது.

நட்சத்திர ஆமையையும் சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கையில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.