வீட்டுக் கடனில் வரி எவ்வளவு குறையும்? கேட்டவர்களுக்குப் பதில்

வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவது என் தொழில். வீட்டுக் கடன் பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை.

திருச்சி வாசகர்: சார், வருடச் சம்பளம் 11 லட்சம். வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார்களே?

உங்களுக்கு மிச்சமே இல்லை, தம்பி. வருமான வரி கணக்கிடப் பழையது, புதியது என இரண்டு முறைகள் உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய முறையில் சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 50,000, கடன் வட்டிக்கு 2 லட்சம், சேமிப்பு போன்றவற்றுக்குக் கழிவு தரும் 80சி பிரிவில் கடன் அசலும் பி.எஃப்.பும் சேர்த்து 1.5 லட்சம் என எல்லாம் கழித்தாலும் 7 லட்சம் நிற்கும். அதற்கு வரி 54,600 ரூபாய். புதிய முறையில் 75,000 கழித்தால் வருமானம் 10.25 லட்சம், 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி பூஜ்யம். குடியிருக்கும் வீட்டின் வட்டியைப் புதிய முறையில் கழிக்க முடியாது, ஆனால் உங்களுக்கு அது தேவையும் இல்லை. வீடு வேண்டுமென்றால் வாங்குங்கள், வரிக்காக வாங்காதீர்கள்.

கோவை வாசகி: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், இருவருமே பழைய முறை. பத்திரம் கணவர் பெயரில், கடன் இருவர் பெயரில். பாதி இ.எம்.ஐ. என் சம்பளத்திலிருந்து போகிறது. நானும் கழிக்கலாமா?

முடியாதும்மா. பத்திரத்திலும் பெயர் வேண்டும், கடனிலும் வேண்டும். மாதாமாதம் பணம் கட்டியும் சலுகை கிடைக்காதவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பத்திரம் எழுதும் நாளில் ஒரு பெயரைச் சேர்த்திருந்தால் போதும்.

எவ்வளவு போகிறது என்று வங்கி தரும் வட்டிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 30 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 26,035. முதல் வருடம் கட்டும் 3.12 லட்சத்தில் அசலுக்குப் போவது 60,000 கூட இல்லை. மீதி சுமார் 2.53 லட்சமும் வட்டி. ஒருவர் பெயரில் 2 லட்சத்தோடு நின்றுவிடும், 53,000 வீண். இருவரும் உரிமையாளர்களாகவும் கடன்தாரர்களாகவும் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம் வரை வரம்பு உண்டு, முழு வட்டியும் கழியும். இன்னும் பத்திரம் போடாதவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

தாம்பரம் வாசகர்: அடுக்குமாடி வீடு, இன்னும் சாவி வரவில்லை. வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த வட்டி வீணாகாது. கட்டி முடியும் நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டியதைக் கூட்டி, முடிந்த வருடத்திலிருந்து ஐந்து சம தவணைகளாகக் கழிக்கலாம். 3 லட்சம் கட்டியிருந்தால் வருடம் 60,000. ஆனால் அதுவும் அதே 2 லட்சத்துக்குள்தான். அப்புறம், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்காவிட்டால் வரம்பு 30,000 ஆகச் சுருங்கிவிடும். பில்டர் தாமதம் செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மதுரை வாசகர்: முத்திரைத் தீர்வைக்குக் கழிவு உண்டா?

உண்டு. பதிவுக் கட்டணமும் சேர்ந்து 80சி-யில் வரும், பணம் கட்டிய வருடத்தில் மட்டும். பழைய முறைக்குத்தான்.

சேலம் வாசகர்: மூன்றே வருடத்தில் விற்றுவிட்டால்?

சாவி வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால், அதுவரை 80சி-யில் கழித்த அசலும் பதிவுச் செலவும் விற்ற வருட வருமானத்தில் சேர்ந்துவிடும். வட்டிக்குக் கழித்ததை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். விலை பேசும் முன் இந்தத் தொகையைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.