ஆயரும் உபதேசியாரும்

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறேன். பாட்டி ஊர் சேத்துப்பட்டுப் பக்கம். வேலூரின் கத்தோலிக்க ஆயராக (பிஷப்) இருந்து 2020இல் மறைந்த சவுந்தரராஜு பெரியநாயகம் பற்றி நீங்கள் எழுத வேண்டும். அவர் காலத்துக் கட்டடங்களின் பட்டியலை இணைத்துள்ளேன். வேலூருக்கு எப்போதும் சலேசிய சபைத் துறவிகளே ஆயர்களாக வருவது ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எப்போதும் வரவில்லை. 1952இல் வேலூர் தனி மறைமாவட்டமானபோது, அதாவது ஓர் ஆயரின் கீழ் வரும் தனிப் பகுதியானபோது, அதைச் சலேசியர் பொறுப்பில் விட்டார்கள். முதல் ஆயர் மரியசெல்வம் அந்தச் சபைக்காரர்தான், 1954இலேயே இறந்துபோனார். பின்னால் வந்த அந்தோணிமுத்துவும் மைக்கேல் அகஸ்டினும் சலேசியர்கள் இல்லை. கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம்.

அப்புறம் அந்தக் கட்டடப் பட்டியல். ஆயரின் வாழ்க்கையைக் கேட்டால் காண்டிராக்டரின் கணக்கை நீட்டுகிறீர்களே!

சவுந்தரராஜு ஆயரிடம் எனக்கு மரியாதை உண்டு. 2006இல் ஆயரானவர், 2020 மார்ச் 21 அன்று, மக்கள் ஊரடங்குக்கு முந்தின நாள் காலமானார். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் வேலூருக்கு ஆயர் இல்லை. ஊர்களில் என்ன நின்றது? கொரோனா நிறுத்தியதைத் தவிர எதுவும் நிற்கவில்லை. ஏன் என்றுதான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

போளூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு உறுதிபூசுதல், அதாவது பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு, கொடுக்க ஆயர் வந்தார். நான் சிறுவன். மாவிலைத் தோரணம், பேண்டு செட், சால்வை. ஆயர் எங்களிடம் கேள்வி கேட்டார், நாங்கள் மடமடவென்று ஒப்பித்தோம். நன்றாகக் கற்றிருக்கிறார்கள் என்று பங்குச்சாமியை, எங்கள் பகுதிப் பாதிரியாரை, பாராட்டினார். சாமியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஆறு மாதமாகச் சாயங்காலம் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த உபதேசியார், சாமியார் அல்லாத எங்கள் வேதபாட ஆசிரியர், கோயில் வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மதியம் பந்தியில் அவருக்குக் கடைசி வரிசை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

சாமி மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்தியது உபதேசியார். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ராத்திரியில் சைக்கிளில் போய்ச் சாமியை அழைத்துவந்தது அவர். சாமி வர முடியாத நாளில் அடக்கம் செய்ததும் அவர்தான். சம்பளம் என்று சொல்லவே கூசும் தொகை.

உங்கள் பாட்டி ஊரிலேயே பாருங்கள். தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876-78) பின் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சேரி சேரியாக ஞானஸ்நானம் கொடுத்தவர் பிரெஞ்சு நாட்டு தாராஸ் சாமி. 1916இல் இறந்தார், அவர் ஆயர்கூட இல்லை. அவ்வளவு பேருக்கும் செப மந்திரம் சொல்லிக்கொடுக்க ஒரு மனிதரால் முடியுமா? சேரியில் பிறந்த உபதேசியார்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சாமியின் பெயர் நிலைத்தது. அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

ஆயரைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது தம்பி, நூற்றாண்டு மலர்கள் வரும். பாட்டி நல்ல நினைவோடு இருக்கும்போதே அவர் ஊர் உபதேசியார் யார், எந்த ஊர்க்காரர், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். போடுகிறேன். கட்டடப் பட்டியல் வேண்டாம்.