புதிய சூப்பர்மேன் படம் எப்படி இருக்கிறது? பழைய படங்களைப் பார்க்காமல் போகலாமா?

தாராளமாகப் போகலாம். 2025 ஜூலையில் வந்த இந்தப் படத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கன் டிசி காமிக்ஸ் நாயகர்களின் சினிமா உலகத்தை அடியிலிருந்து புதிதாகக் கட்டுகிறார், அதனால் ஹென்றி கேவில் சூப்பர்மேனாக நடித்த படங்களில் நடந்த எதுவும் இங்கே கணக்கில் இல்லை. அவன் பிறந்த கிரிப்டான் கிரகம் வெடிப்பது, குழந்தை விண்கலத்தில் வந்து விழுவது, இதையெல்லாம் மறுபடி காட்டவும் இல்லை. திரையில் சில வரிகள் வந்து போகின்றன, அடுத்த நொடி சூப்பர்மேன் பனியில் வந்து விழுகிறான், முதல்முறையாக ஒரு சண்டையில் தோற்று, எழுந்திருக்க முடியாமல், நாயைக் கூப்பிட விசில் அடிக்கிறான். எனக்கு அங்கேயே படம் பிடித்துவிட்டது.

(இனிமேல் கதை வெளியே வரும். பார்க்காதவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.)

ஓசூரில் தமிழ் டப்பிங்கில், அக்கா மகனோடு பார்த்தேன். அவன் கிரிப்டோ என்கிற அந்த நாய் வரும்போதெல்லாம் சீட்டை விட்டு எழுந்துவிட்டான். எனக்கு மனசில் நின்றது வேறு. சூப்பர்மேனைப் பெற்றவர்கள் அனுப்பிய செய்தியில் பாதிதான் இத்தனை நாள் அவனிடம் இருந்தது, மனிதர்களுக்கு நல்லது செய் என்று அவர்கள் சொல்லி அனுப்பியதாகவே நம்பி வாழ்கிறான். மீதிப் பாதியை வில்லன் லெக்ஸ் லூதர் எடுத்து உலகத்துக்கே போட்டுக் காட்டுகிறான்: இந்த மக்கள் பலவீனமானவர்கள், நீ இவர்களை ஆள வேண்டும். இதைப் பார்த்துக் கோபப்பட்ட ரசிகர்கள் நிறையப் பேர், 1978 படத்தில் மார்லன் பிராண்டோ நடித்த அந்தப் பெருந்தன்மையான அப்பாவை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த மாற்றம்தான் படத்துக்கே உயிர் என்று நினைக்கிறேன். இங்கே கிருஷ்ணகிரிப் பக்கம் புது ஆளைப் பார்த்தால் முதலில் வருவது ‘எந்த ஊரு, யாரு ஊட்டுப் பையன்’ என்கிற கேள்விதான், அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பது கேட்பவருக்கும் தெரியும், நிற்பவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த எனக்கு, உலகத்திலேயே பலசாலியான ஒருவனிடம் ‘உன்னைப் பெற்றவர்கள் யார் தெரியுமா’ என்று அதே கேள்வியை வீசி அவனைச் சாய்ப்பது சாதாரணத் திருப்பமாகப் படவில்லை.

அதற்குப் பதில் சொல்வது கான்சாஸில் இருக்கும் வளர்ப்பு அப்பா. பெரிய வசனமெல்லாம் கிடையாது. நீ யாராக இருக்க வேண்டும் என்று சொல்வது பெற்றவர்கள் வேலை இல்லை, நீ எடுக்கும் முடிவும் செய்யும் காரியமும்தான் நீ, என்கிறார், அவ்வளவுதான். அந்த அப்பா, அம்மா இரண்டு பேரையும் அழகாக, கம்பீரமாக எல்லாம் காட்டவில்லை, போன் எடுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற ஆட்கள். என் அப்பா காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு பார்க்கிறவர், தோப்பிலிருந்து போன் பேசினால் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும். கடைசியில் அடிபட்டுப் படுத்திருக்கும் மகனுக்கு ரோபோக்கள் கிரிப்டான் செய்தியைப் போடாமல் இந்த இரண்டு பேரோடு அவன் வளர்ந்த பழைய வீடியோவைப் போடுகின்றன, நான் அழுதுவிட்டேன்.

சூப்பர்மேனாக டேவிட் கோரன்ஸ்வெட் நன்றாகச் செய்திருக்கிறார். குறிப்பாக அவன் காதலியான நிருபர் லோயிஸ் அவனைப் பேட்டி எடுக்கும் காட்சி. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் படையெடுப்பதைத் தடுத்தாயே, யாரைக் கேட்டுச் செய்தாய் என்று அவள் மடக்கிக்கொண்டே போக, அவனுக்குக் கோபம் வந்து, மக்கள் சாகப் போனார்கள் என்று வெடிக்கிறான். காதலர்கள் இருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுவதுதான், ஆனால் கட்டடம் இடிகிற எல்லாச் சண்டையையும்விட அதில்தான் விறுவிறுப்பு. கேவில் நடித்த 2013 படத்தில் நகரமே நொறுங்கியது எனக்கு ரொம்ப நாள் உறுத்தலாக இருந்தது, இதில் அவன் ராட்சத மிருகத்தோடு சண்டை போடும் நடுவில் ஓர் அணிலைத் தூக்கி ஓரமாக விடுகிறான், அந்த மிருகத்தைக்கூடக் கொல்லாமல் முடிக்கத்தான் பார்க்கிறான். சூப்பர்மேன் என்றால் இதுதான், இது தெரிந்த இயக்குநர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆட்கள் அதிகம். துணை ஹீரோக்களில் மிஸ்டர் டெரிஃபிக் வரும் இடம் எல்லாம் அருமை, ஆனால் ஹாக்கேர்ளுக்குச் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. லூதரின் அந்தத் தனிப் பிரபஞ்சச் சிறை நீளம். அப்புறம் இந்தியாவில் முத்தக் காட்சிகளில் 33 விநாடி வெட்டிவிட்டார்கள், சூப்பர்மேனும் லோயிஸும் அந்தரத்தில் இருக்கும்போது படம் தத்துவது நன்றாகவே தெரிகிறது.

கடைசிப் பத்திக்கு நேராக வந்தவர்களுக்கு: குழந்தைகளை அழைத்துப் போகலாம், ஆனால் ஒருவரைத் துப்பாக்கியால் சுடும் காட்சி ஒன்று சட்டென்று வரும், ரொம்பச் சின்னப் பிள்ளைகள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஓடும் நேரம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குள்தான். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது இரண்டு குட்டிக் காட்சிகள் உண்டு, அடுத்த படத்துக்கான கொக்கி எதுவும் அதில் இல்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் தயங்காமல் கிளம்பிவிடலாம்.