பாம்பன் துறைக்குத் தங்க வாட்ச் வேண்டாம்

தினமும் பாம்பன் மீன்துறைக்குப் போகிறவர் எந்த வாட்ச் கட்டலாம், தங்கத்தில் வரும் படேக் பிலிப் கலத்ராவாவா, சீக்கோ 5 ஸ்போர்ட்ஸா என்று கேட்டிருந்தீர்கள். துறைக்குச் சீக்கோதான், யோசிக்கவே வேண்டாம்.

18 காரட் தங்கம் உப்புக்காற்றில் துருப்பிடிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் திருகுகள் எஃகு. கலத்ராவாவில் போட்டிருக்கும் தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர், சீக்கோவினுடையதைவிடக் குறைவு. தோல் வாரோ வியர்வையும் உப்பும் ஊறித் தையலோரமாக வெடித்துவிடும்.

சீக்கோவின் 4ஆர்36 இயந்திரம் கழற்றி வைத்தாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும். உறை 100 மீட்டர் அளவுக்குத் தண்ணீர் தாங்கும். நாளுக்கு 45 வினாடி முந்தினாலும் 35 பிந்தினாலும் பழுதில்லை, நிறுவனம் சொல்லும் அளவே அது. நேரம் திருப்பும் சாவி, திருகி மூடும் மரையில்லாதது. முழுதாக அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் வெயிலில் காயவைக்காமல் அன்றைக்கே கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.