பதினேழு பிரின்சிபெஸ் எதற்கு?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, ரோம் 2 டோட்டல் வார் கம்ப்யூட்டர் கேம்ல ரோம் எடுத்து ஆடறனுங்க. மாசிடோன்கூட மோதுனா ஒவ்வொரு தடவையும் அடிதானுங்க. தளபதி போக 17 பிரின்சிபெஸ் வாள்படை, 2 குதிரைப் படை வச்சிருக்கறனுங்க. எங்கீங்ணா தப்பு? அப்புறம், யானை வந்தா என்னங்க பண்றது?"

ஆட்களில் தப்பில்லை தம்பி. பதினேழு படையையும் ஒரே வேலைக்கு விடுகிறீர்கள், அதுதான் தப்பு.

மாசிடோனியரின் சரிசா ஈட்டி ஐந்தாறு மீட்டர் நீளம். முதல் ஐந்து வரிசை ஆட்களின் ஈட்டி முனையும் உங்களுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். கிளுவை வேலியில் நேராகப் போய் விழுகிற ஆட்டுக்கு என்ன கிடைக்கும்? முள்தான். வேலிக்குக் கடவு ஒன்று இருக்குமே, அதைத் தேட வேண்டும். ஈட்டிப் படைக்குக் கடவு பக்கவாட்டிலும் முதுகிலும் இருக்கிறது.

கி.மு. 197இல் கிரேக்கத்தின் கினோஸ்கெபலேயில் நடந்தது இதுதான். மாசிடோன் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் வலப்பக்க ஈட்டிப் படை ரோமரின் இடப்பக்கத்தை மலைச்சரிவில் கீழே தள்ளிக்கொண்டே போனது. மறுபக்கம் ஜெயித்துக்கொண்டிருந்த ரோமரில் ஓர் அதிகாரி, பெயர்கூடத் தெரியாது, 20 மேனிப்பிள் படைப்பிரிவுகளைத் திருப்பிக்கொண்டு போய் அந்தப் படையின் முதுகில் விழுந்தார். ஈட்டியைச் சட்டென்று திருப்ப முடியவில்லை. கதை முடிந்தது.

ஆகவே 20 இடத்தை இப்படிப் பிரியுங்கள்: தளபதி 1, ஹஸ்தாட்டி (முன்வரிசை வாள்வீரர்) 5, பிரின்சிபெஸ் 4, ட்ரையாரி (ஈட்டி வீரர்) 2, வெலைட்ஸ் (எறிவேல் வீரர்) 4, குதிரை 4. ஒவ்வொரு டர்னுக்கும் ஆகும் படைச் செலவும் குறையும். (ரோமச் சிப்பாயின் சம்பளக் காசான தெனாரியஸ் நம் நொய்யல் கரை வெள்ளலூரில் புதையலாகவே கிடைத்திருக்கிறது. ஆட்டத்தில் காசு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.)

வெலைட்ஸ் முதலில் எறிவேல் வீசிவிட்டுப் பின்னால் வந்துவிடட்டும். ஹஸ்தாட்டியை ஈட்டிப் படை மேல் கிளிக் செய்து அனுப்பாதீர்கள். நின்ற இடத்திலேயே தாங்கட்டும். அவர்கள் வேலை கொல்வது இல்லை, பிடித்து வைப்பது. பிரின்சிபெஸ் இரண்டாம் வரிசையில், எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போக. எதிரிக் குதிரை சுற்றி வந்தால் அதைத் தடுக்க, இரு ஓரத்திலும் ஒவ்வொரு ட்ரையாரி.

இனி உங்கள் குதிரை. முதலில் எதிரிக் குதிரையைத் துரத்திவிட்டு, வளைத்துப் போய் ஈட்டிப் படையின் முதுகுக்கு வர வேண்டும். தூரத்திலிருந்தே ஓடவிடாதீர்கள், களைத்துவிடும். பக்கத்தில் வந்த பிறகு சார்ஜ், அதாவது பாய்ந்து மோதவிடுங்கள். நிறையப் பேர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்ததில்தான்: மோதிய குதிரையைக் கூட்டத்துக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். குதிரையின் பலம் முதல் இடியில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வெளியே இழுத்து, தள்ளி நிறுத்தி, மறுபடி விடுங்கள். இரண்டு மூன்று முறை முதுகில் அடி விழுந்தாலே மொரால் (மன உறுதி) உடைந்து ஓடுவார்கள். கை போதவில்லையா, பாஸ் போட்டு யோசியுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் ஆடுகிறேன்.

யானைக்கு வருவோம். சத்தியமங்கலம் பக்கத்தில் யாரையாவது கேளுங்கள், எதிரே வரும் யானையை மறித்து நிற்பாரா என்று. ஒதுங்கி வழிவிடுவேன் என்பார். கி.மு. 202இல் வட ஆப்பிரிக்காவின் ஜாமாவில் கார்த்தேஜ் தளபதி ஹானிபலின் 80 யானைகளுக்கு ரோமத் தளபதி சிபியோ செய்ததும் அதேதான்: படைகளுக்கு நடுவே சந்து விட்டு வழிகொடுத்தார், இரு பக்கமும் எறிவேல் விழுந்தது. ஆட்டத்திலும் ஹஸ்தாட்டிக்கு நடுவே இடைவெளி விட்டு, வெலைட்ஸ் நான்கையும் யானை மேலேயே குறிவைக்கச் சொல்லுங்கள். மிரண்டால் அது சொந்தப் படையையே மிதிக்கும். குதிரையை மட்டும் அந்தப் பக்கம் விட வேண்டாம், யானையைக் கண்டால் மிரளும்.