வெனிஸ்காரரின் சேர்ந்திசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் போகிறபோக்கில் ஒருமுறை குறிப்பிட்ட, இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோவின் ‘இல் கான்டோ சொஸ்பேசோ’ என்ற சேர்ந்திசைப் படைப்பைத் தேடிக் கேட்டேன். நாஜிக்களாலும் அவர்களின் கூட்டாளிகளாலும் கொல்லப்பட்டவர்களின் கடைசிக் கடிதங்கள் என்றீர்கள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. இத்தாலியன் தெரிந்த நண்பனைக் கேட்கச் சொன்னேன், அவனுக்கும் அதே கதி. சாகப்போகிறவர்கள் சொன்னதைக் காதில் விழாமல் செய்வது அவர்களுக்குத் துரோகம் இல்லையா?

சிவகுமார்

அன்புள்ள சிவகுமார்,

இதே கேள்வியை 1957இல் நோனோவின் கூட்டாளியே கேட்டுவிட்டார். பொருள் மறைந்துபோகும்படி அமைப்பதென்றால் இந்தக் கடிதங்கள் எதற்கு, வெறும் ஒலிகள் போதாதா என்ற தொனியில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பேசினார். நோனோவுக்குச் சுருக்கென்று தைத்தது. 1960இல் அதே ஊரில் பதில் சொன்னார். சொல்லைப் பல குரல்களுக்குப் பங்கிட்டால் பொருள் செத்துப்போகாது, பழைய சேர்ந்திசை மேதைகள் செய்ததுதான் இது என்றார். அவர் வெனிஸ்காரர். சான் மார்க்கோ தேவாலயத்தில் எதிரெதிர் மாடங்களில் பாடகர்களை நிறுத்திப் பாடவைத்த ஊர்.

இரண்டாம் பகுதியை மறுபடி கேளுங்கள். வாத்தியமே கிடையாது. பல்கேரிய ஆசிரியர் அன்டோன் போபோவின் வரி: ஒளிவீசப்போகும் ஓர் உலகத்துக்காகச் சாகிறேன். ஒருத்தி ஓர் அசையை நீட்டுவாள், அது தேயும் முன் அடுத்ததை இன்னொருவன் எடுப்பான். முழு வரியும் யார் வாயிலும் இருக்காது, ஆனால் கூட்டத்துக்குள் இருக்கும்.

ஆனாலும் நோனோவின் பதில் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. கடிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேட்டால் பாதி போய்விடுகிறது. 1992இல் இசைக்குழு நடத்துநர் அப்பாடோ பெர்லினில் இதை நடத்தியபோது இரண்டு நடிகர்களைக் கொண்டு கடிதங்களை வாசிக்கவைத்தார். நான் அவர் கட்சி.

ஐந்தாம் பகுதியில் வாத்தியங்களோடு பாடுவது டெனார், அதாவது உச்சஸ்தாயி ஆண்குரல், ஒருவர் மட்டும். தனிக்குரல், அதனால் வரியைத் தொடர முடியும். போலந்தில் ஒரு முகாமிலிருந்து ஹாயிம் என்ற 14 வயதுப் பையன் எழுதியது. வானம் முழுதும் காகிதமாக, உலகத்துக் கடல்களெல்லாம் மையாக இருந்தாலும் என் வேதனையை எழுதித் தீராது என்கிறான். யூதர்கள் ஷவுவோத் திருநாளில் ஓதும் பழைய துதி ஒன்றில் கடவுளின் பெருமைக்கு வரும் உவமை அது. பையனுக்கு அது தன் வேதனையைச் சொல்லப் பயன்பட்டிருக்கிறது. ஏழாம் பகுதியில் லியூப்கா என்ற பெண் அம்மாவிடம் விடைபெறுகிறாள், ஈர மண்ணுக்குள் போகிறேன் என்று. அங்கே பெண் குரல்கள் மட்டும்.

சரி, எப்படிக் கேட்பது? மொத்தம் அரை மணி நேரம்தான். முதல் தடவை நானும் பாதியில் நிறுத்தினேன். அப்புறம் கடிதங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு, எந்தப் பகுதிக்கு எது என்று ஓரத்தில் எண் போட்டுக் கேட்டேன். வேண்டுமானால் அந்தத் தாளை அனுப்புகிறேன்.

ஒன்பதாவதில் பாடகர்களும் டிம்பானி முரசும் மட்டுமே. கடைசியில் வாய் திறக்காமல் முனகுகிறார்கள், அவ்வளவு மெல்ல. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். நீங்கள் கொஞ்சம் பொறுத்துக் கழற்றுங்கள்.